டிராக்டர் பட்டறையில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார்: ஃபெருச்சோ லம்போர்கினியின் கதை

கோலாலம்பூர் சாலையில் லம்போர்கினி கார் ஒன்று உறுமிக்கொண்டு போனால் திரும்பிப் பார்க்காத இளைஞர் இல்லை. கோடீஸ்வரர்களின் வாகனம் என்று பெயரெடுத்த அந்தக் காருக்குத் தம் பெயரைத் தந்தவர், திராட்சைத் தோட்டக்காரரின் மகன். முதலில் மெக்கானிக், பிறகு டிராக்டர் செய்து விற்றவர். கார் அவர் வாழ்க்கையில் பின்னால்தான் வந்தது.

ஃபெருச்சோ லம்போர்கினி 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி, வட இத்தாலியில் செண்டோ நகருக்கு அருகிலுள்ள ரெனாட்சோ கிராமத்தில் பிறந்தார். தந்தை அந்தோனியோ, தாயார் எவெலினா. பையனுக்குக் கொடிகளை விட இயந்திரங்களின் மீதுதான் கண். தொழில்நுட்பப் பள்ளியில் படித்த அவரை 1940இல் விமானப்படை சேர்த்துக்கொண்டு ரோட்ஸ் தீவுக்கு அனுப்பியது. அங்கே இராணுவ வாகனங்களைப் பழுதுபார்ப்பதே வேலை. தீவுக்குப் புதிய பாகங்கள் எளிதில் வந்து சேராத காலம். இருப்பதை வைத்து ஓட வைக்கும் வித்தை அவருக்கு அங்கே கைவந்தது. போர் முடிந்ததும் பிரிட்டிஷாரிடம் கைதியாக இருந்துவிட்டு, 1946இல்தான் வீடு திரும்ப முடிந்தது.

ஊருக்கு வந்தவர் ஒரு சிறிய பட்டறை போட்டார். 1947இல் மகன் தொனினோ பிறந்தபோது மனைவி கிளெலியா இறந்துபோனார். கைக்குழந்தையும் கடன்பட்ட பட்டறையுமாக நின்ற அந்த மனிதர், வேலையிலேயே மூழ்கினார் என்று சொல்ல வேண்டும்.

அந்த நாள்களில்தான் அவருடைய முதல் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் உருவானது. அதை அவர் கடையில் வாங்கவில்லை. ஃபியட் தொப்போலீனோ என்ற சின்னஞ்சிறு காரை எடுத்தார். அதன் எஞ்சின் 569 சிசி மட்டுமே. அதை 750 சிசியாகப் பெருக்கி, கூரை இல்லாத இரண்டு இருக்கை காராகத் தம் கையாலேயே மாற்றி, 1948இல் மில்லே மிலியா என்ற புகழ்பெற்ற நெடுந்தூரப் பந்தயத்தில் இறங்கினார். சுமார் 1,100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, தூரின் நகருக்குப் பக்கத்தில் சாலையோர உணவகம் ஒன்றின் சுவரில் மோதியது கார். பந்தய ஆசை அதோடு தீர்ந்தது. பிற்காலத்தில் சொந்தமாகக் கார் கம்பெனி நடத்தியபோதும், பந்தயக் குழு வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

சோறு போட்டது டிராக்டர்தான். போருக்குப் பின் இத்தாலிய விவசாயிகளுக்கு டிராக்டர் தேவைப்பட்டது, வாங்கக் காசில்லை. இராணுவம் கழித்துப் போட்ட வாகனங்களோ மலிவாகக் கிடைத்தன. அவற்றின் எஞ்சினையும் கியர் பெட்டியையும் எடுத்து டிராக்டர் கட்டினார் ஃபெருச்சோ. பெட்ரோல் விலை அதிகம் என்பதால், பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மலிவான டீசலுக்கு மாறும்படி ஓர் அமைப்பையும் சேர்த்தார். செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய நம் பெரியவர்களுக்கு அந்தச் சிக்கனத்தின் அருமை சொல்லாமலே புரியும். சில ஆண்டுகளில் அவர் நாட்டின் பெரிய டிராக்டர் உற்பத்தியாளர்களில் ஒருவராகிவிட்டார். அடுத்து வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்புகளும் செய்தார். பணம் சேர்ந்தது.

பணம் வந்ததும் ஆல்ஃபா ரோமியோ, லான்சியா, மசெராட்டி என்று விதவிதமான கார்கள் வாசலில் நின்றன. 1958இல் ஃபெராரி 250 ஜிடி ஒன்றை வாங்கினார். பிறகு இன்னும் சில ஃபெராரிகள். ஓட்டம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் சத்தம் அதிகம், உட்புற வேலைப்பாடு குறைவு, பந்தயக் காரைச் சாலைக்கு இறக்கிவிட்டது போல் இருக்கிறது என்பது அவர் குறை. எல்லாவற்றுக்கும் மேலே கிளட்ச். அடிக்கடி பழுதானது. ஒவ்வொரு முறையும் மரனெல்லோ தொழிற்சாலைக்கு வண்டியை எடுத்துப்போக வேண்டும்; அங்கே மணிக்கணக்கில் காரை உள்ளே கொண்டுபோய் விடுவார்கள், என்ன செய்கிறார்கள் என்று பார்க்க விடமாட்டார்கள். வாழ்நாள் முழுதும் ஸ்பானர் பிடித்த மனிதருக்கு இது எவ்வளவு உறுத்தியிருக்கும்!

பொறுமை இழந்து தம் பட்டறையிலேயே வண்டியைப் பிரித்துப் பார்த்தாராம். உள்ளே இருந்தது தம் டிராக்டர்களில் போடும் அதே வகை கிளட்ச் என்றும், அதைவிடப் பெரியதைப் போட்டதும் தொல்லை தீர்ந்தது என்றும் அவர் பின்னாளில் சொல்லிவந்தார். இந்தக் குறையை என்ஸோ ஃபெராரியிடம் நேரில் சொல்லப்போய் அவமானப்பட்டுத் திரும்பினார் என்ற கதை உலகப் பிரசித்தம். சொல்லச் சொல்ல வளர்ந்த கதை அது. முழுவதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. கோபத்தால் மட்டும் ஒரு தொழிற்சாலை எழும்பிவிடாது. விலையுயர்ந்த காரில் நல்ல இலாபம் இருப்பதை வியாபாரியான அவர் கணக்குப் போடாமலா இருந்திருப்பார்?

இன்று பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் தாமே கழற்றி மாட்ட ஆசைப்படும் நம் இளைஞர்கள், குதிரைசக்தியைக் கேட்பதற்கு முன் அந்தக் கிளட்ச்சை நினைத்துக்கொள்வது நல்லது. எஞ்சின் எவ்வளவு பெரியது என்பதை எல்லாரும் கேட்பார்கள். பாகம் எங்கே கிடைக்கும், கிளட்ச்சை இறக்க எஞ்சினையே தூக்க வேண்டுமா, அதற்கு வீட்டில் இடமும் கருவியும் உண்டா என்று கேட்பவர் குறைவு.

1963இல் சாந்த் அகாத்தா பொலொனீசே என்ற ஊரில் கார் தொழிற்சாலை திறந்தார். ஃபெராரியில் முன்பு வேலை பார்த்த ஜொத்தோ பிட்சாரினி, 3.5 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சினை வடிவமைத்தார். அந்த ஆண்டு தூரின் கண்காட்சிக்கு வந்த முதல் காரில் எஞ்சின் அடங்கவில்லை. எடைக்குக் கற்களை உள்ளே போட்டு, மூடியைத் திறக்காமலே காட்சிக்கு வைத்தார்கள்! மறு ஆண்டு 350 ஜிடி விற்பனைக்கு வந்தது. 1966இல் வந்த மியூரா, எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் குறுக்காக வைத்த கார்; உலகமே வாய்பிளந்தது. தல்லாரா, ஸ்தன்சானி, பாப் வாலஸ் என்ற மூன்று இளைஞர்கள் வேலை நேரத்துக்குப் பிறகு சிந்தித்து உருவாக்கியது அது. முதலாளிக்கு முதலில் தயக்கம்தான், ஆனாலும் தடுக்கவில்லை.

எழுச்சி நீடிக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் பொலிவியா நாட்டின் பெரிய டிராக்டர் ஆர்டர் ஒன்று, அங்கே ஆட்சி மாறியதும் ரத்தானது. பணத்தட்டுப்பாடு கழுத்தை நெரித்தது. டிராக்டர் தொழிலை விற்றார். 1972இல் கார் கம்பெனியின் பெரும்பங்கையும், 1974இல் மீதியையும் சுவிஸ் நாட்டவரிடம் கொடுத்தார். அதன்பின் கம்பெனி பல கை மாறியது. 1998இல் ஜெர்மனியின் ஔடி வாங்குவதற்கு முன், சில ஆண்டுகள் அதன் பங்குகள் இந்தோனேசிய, மலேசிய முதலீட்டாளர்களிடம் இருந்தன என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

ஃபெருச்சோ மண்ணுக்கே திரும்பினார். உம்ப்ரியா மாநிலத்தில் திராசிமேனோ ஏரிக்கரையில் நிலம் வாங்கித் திராட்சை பயிரிட்டு, வைன் தயாரித்தார். 1993 பிப்ரவரி 20ஆம் தேதி, தமது 76ஆம் வயதில் பெருஜியாவில் மறைந்தார். பிறந்த ரெனாட்சோ கிராமத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.