கேப்டன் சார்லஸ் மார்டெல்: இரத்தத்தில் கால்சியம் மிகுந்த ஒரு மாலுமியின் வாழ்க்கை

சிறுநீரகக் கல் வலிக்காகவோ, குடும்பத்து முதியவர் திடீரெனக் குழம்பிப் பேசுவதாலோ நீங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றிருக்கலாம். அங்கு எடுக்கப்பட்ட இரத்தப் பரிசோதனையில் கால்சியம் மிகுந்துள்ளதாக மருத்துவர் கூறினால், பால் அதிகம் குடித்ததுதான் காரணமோ என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். பெரும்பாலும் அவ்வாறன்று. மருத்துவ வரலாற்றில் நன்கறியப்பட்ட ஒரு நோயாளியின் வாழ்க்கையைப் படித்தால் இது விளங்கும்.

சார்லஸ் மார்டெல் அமெரிக்க வணிகக் கப்பல் ஒன்றின் கேப்டன். 1918ஆம் ஆண்டில் ஆறடிக்கும் மேல் உயரமுள்ள திடகாத்திரமான இளைஞராக இருந்தார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் எலும்புகளில் வலி தொடங்கியது. சிறிய விபத்துகளிலும் எலும்பு முறிந்தது. சிறுநீரில் மணல் போன்ற துகள்கள் வந்தன. முதுகெலும்புகள் நொறுங்கிக் கூன் விழுந்தது. 1926ஆம் ஆண்டுக்குள் அவர் உயரத்தில் ஏறத்தாழ 7 அங்குலம் குறைந்துவிட்டார். எலும்பு, சிறுநீர், முதுகு எனத் தனித்தனியாகத் தோன்றிய இந்தத் தொல்லைகள் அனைத்துக்கும் வேர் ஒன்றே என்பது நெடுநாள் புலப்படவில்லை.

1926இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் யூஜின் டுபோயிஸ் என்ற மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். இரத்தத்தில் கால்சியம் மிக அதிகமாக இருந்தது. பாஸ்பரஸ் குறைவாக இருந்தது. கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறம் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளில் கோளாறு இருக்க வேண்டும் என அவர் கருதினார். வழக்கமாக நான்காக இருக்கும் இச்சுரப்பிகள் ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணியளவே இருக்கும். இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பதே இவற்றின் வேலை. ஒரு சுரப்பி கட்டியாக வளர்ந்து ஹார்மோனை அளவின்றிச் சுரந்தால், எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து இரத்தத்துக்கு வரும். அதை வெளியேற்ற முயலும் சிறுநீரகத்தில் கல் உண்டாகும். மார்டெலுக்கு நேர்ந்தது இதுவே.

நோயின் பெயர் தெரிந்துவிட்டது. கட்டி இருக்குமிடம் தெரியவில்லை. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அதே ஆண்டு அவரது கழுத்தில் இருமுறை அறுவை சிகிச்சை செய்தும் கட்டி கிடைக்கவில்லை. 1929இல் நியூயார்க்கில் நடந்த மூன்றாவது அறுவையும் பயனளிக்கவில்லை. 1932இல் அவர் மீண்டும் பாஸ்டனுக்குச் சென்றார். எட்வர்ட் சர்ச்சில், ஆலிவர் கோப் என்ற அறுவை மருத்துவர்கள் மேலும் மும்முறை தேடினர். இதற்கிடையில் மார்டெல் உடற்கூற்று நூல்களைத் தாமே படித்து, மார்புக்குள் தேடிப் பார்க்குமாறு வற்புறுத்தினார். நோயாளி கேள்வி கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகும் என நினைத்துத் தயங்குவோர் இதைக் கவனிக்கலாம். ஏழாவது அறுவையில், மார்பெலும்புக்குப் பின்னால் இரு நுரையீரல்களுக்கும் இடைப்பட்ட பகுதியில், கட்டி கண்டுபிடிக்கப்பட்டது.

கட்டியின் பெரும்பகுதியை அகற்றிய சில நாட்களிலேயே கால்சியம் தாழ்ந்து, கைகால் தசைகள் இறுகும் நிலை ஏற்பட்டது. பல்லாண்டுகளாகக் கால்சியத்தை இழந்த எலும்புகள், வாய்ப்புக் கிடைத்ததும் அதை இரத்தத்திலிருந்து வேகமாக உறிஞ்சிக்கொள்வதால் இவ்வாறு நேரும். பாராதைராய்டு அறுவைக்குப் பின் வாயைச் சுற்றியோ விரல்களிலோ மரமரப்பு தோன்றினால் உடனே சொல்லுமாறு மருத்துவர்கள் இன்றும் அறிவுறுத்துவது இதனால்தான். மார்டெலுக்குக் கால்சியம் கொடுத்து அந்நிலை சமாளிக்கப்பட்டது. ஆனால் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின் பழைய சிறுநீரகக் கல் ஒன்று சிறுநீர்க்குழாயில் அடைத்துக்கொண்டது. அதற்காகச் செய்யப்பட்ட அறுவைக்குப் பின் அவர் உயிரிழந்தார்.

இன்று கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றின் அளவை இரத்தப் பரிசோதனையில் அறியலாம். மார்புக்குள் ஒளிந்துள்ள சுரப்பியையும் ஸ்கேன் மூலம் பல நேரங்களில் முன்னதாகவே கண்டறிய முடிகிறது. ஆயினும் அவசர சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் கால்சியம் உயர்ந்திருந்தால், மருத்துவர் பாராதைராய்டை மட்டும் ஐயுறமாட்டார். புற்றுநோயும் முக்கியக் காரணமாகும். அளவுக்கு மீறிய வைட்டமின் டி, சில வகை இரத்த அழுத்த மாத்திரைகள், லித்தியம் ஆகியவற்றாலும் இது வரலாம். ஆகவே நோயாளி உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், கடையில் நீங்களே வாங்கிய சத்து மாத்திரைகள் உட்பட, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தீராத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், மலச்சிக்கல், வாந்தி, மிகுந்த சோர்வு ஆகியவை சேர்ந்து தோன்றினால் மருத்துவரை அணுகுங்கள். இவற்றுடன் குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், இதயத் துடிப்பில் மாறுபாடு ஆகியவற்றில் ஏதேனும் காணப்பட்டால் காத்திருக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கு பெரும்பாலும் முதலில் நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றுவார்கள்; உடலில் குறைந்த நீரை ஈடுசெய்து, கால்சியம் சிறுநீரில் வெளியேற அது உதவும். இதயம் அல்லது சிறுநீரக நோய் உள்ளவருக்கு இந்த நீரின் அளவைக் கவனித்தே தர வேண்டியிருப்பதால், அந்நோய்கள் இருந்தால் வந்தவுடனே தெரிவியுங்கள்.