மனித இயல்பை ஆராய்ந்த டார்வின்

இலண்டன் உயிர்க்காட்சிச் சாலையில், தடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஆப்பிரிக்க விரியன் பாம்பு ஒன்று கிடந்தது. அறிஞர் ஒருவர் தம் முகத்தைக் கண்ணாடியின் அருகே கொண்டு சென்றார். பாம்பு பாய்ந்தாலும் பின்வாங்குவதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். பாம்பு பாய்ந்தது. மறுகணமே அவர் தம்மை அறியாமல் பின்னோக்கித் துள்ளினார். கண்ணாடி தம்மைக் காக்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். எனினும் உடல் அவ்வறிவுக்குக் கட்டுப்படவில்லை. ஒருபோதும் பட்டறியாத ஆபத்துக்கு உடல் ஏன் அஞ்ச வேண்டும்? இத்தகைய வினாக்களுக்கு விடை தேடிய அவ்வறிஞரே சார்லஸ் டார்வின்.

டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். மருத்துவரான தந்தையின் விருப்பப்படி எடின்பரோவில் மருத்துவம் பயிலச் சென்றார். மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில், அறுவை மருத்துவத்தின்போது நோயாளிகள் பட்ட துன்பத்தைக் காணப் பொறாமல் அப்படிப்பைக் கைவிட்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். 1831 டிசம்பரில் பீகிள் என்னும் கப்பலில் புறப்பட்டு, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றி வந்தார். பிரேசிலில் அடிமைகள் பட்ட துயரைக் கண்டு உள்ளம் கொதித்தார். நிறமும் மொழியும் வேறாயினும் மாந்தர் உள்ளம் ஒத்திருப்பதை அப்பயணத்தில் உணர்ந்தார்.

நாடு திரும்பியபின் நெடுங்காலம் ஆராய்ந்து, 1859இல் 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலை வெளியிட்டார். ஓர் இனத்து உயிர்களிடையே சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. வாழ்வுக்கு உதவும் வேறுபாட்டைப் பெற்றவை பிழைத்துப் பெருகுகின்றன. அப்பண்பு வழித்தோன்றல்களிடமும் தொடர்கிறது. இதுவே இயற்கைத் தேர்வு ஆகும். ஆல்பிரட் வாலஸ் என்னும் அறிஞரும் தனியே ஆராய்ந்து இதே முடிவை எட்டியிருந்தார். தேனீ அறுகோண அறை கட்டுவதும், குயில் பிற பறவையின் கூட்டில் முட்டையிடுவதும் எவரும் கற்பிக்காமல் வரும் இயல்பூக்கங்கள். உடலுறுப்புகளைப் போலவே இவையும் இயற்கைத் தேர்வால் அமைந்தவை என்று டார்வின் விளக்கினார்.

மனிதனும் இவ்விதிக்கு உட்பட்டவனா? எதிர்ப்பு எழும் என்பதை அறிந்த டார்வின், அந்நூலில் மனிதனைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினார். ஆயினும் அவர்தம் ஆராய்ச்சி வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. 1839இல் பிறந்த தம் மூத்த மகனின் சிரிப்பு, சினம், அச்சம் ஆகியவற்றை உற்றுநோக்கிக் குறித்து வைத்தார். பிற்காலத்தில் உலகின் பல பகுதிகளுக்கும் வினாக்களை எழுதி அனுப்பினார். வியப்பில் கண்கள் அகல விரிகின்றனவா, நாணத்தில் முகம் சிவக்கிறதா என்று வினவினார். 36 பேர் விடையளித்தனர். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய ஒருவரும் செய்திகளை அளித்தார். கண்ணும் செவியும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்னும் பெண்மணி, அன்புத் தோழியின் கடிதச் செய்தியை அறிந்ததும் சிரித்துக் கைகொட்டினார் என்பதையும் டார்வின் சான்றாகக் காட்டினார். பிறர் முகத்தைப் பார்த்துக் கற்க இயலாதவருக்கும் அச்சிரிப்பு இயல்பாகவே அமைந்திருந்தது.

1871, 1872ஆம் ஆண்டுகளில் இவ்வாராய்ச்சிகள் நூல்களாக வெளிவந்தன. மனிதனின் அச்சத்துக்கும் சினத்துக்கும் விலங்குகளோடு பொதுவான வேர் உண்டு என்று அவர் காட்டினார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. பிறர் துன்பம் கண்டு இரங்கும் பண்பும் மனித இயல்பே என்றார். ஒருவருக்கொருவர் உதவிய கூட்டங்கள் தழைத்தன. ஆகவே இரக்கமும் வளர்ந்தது. குடும்பத்தில் தொடங்கிய அவ்விரக்கம், அறிவு விரிய விரிய எல்லா நாட்டு மக்களையும், பின்னர் எல்லா உயிர்களையும் தழுவ வேண்டும் என்பது அவர் கருத்து.

டார்வின் 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மொழி அறியாத ஊரிலும் ஒரு குழந்தையின் புன்னகைக்கு மறுபுன்னகை கிடைக்கிறது. மாந்தர் அனைவரும் ஒரே குடும்பத்தினர் என்று அவர் கண்ட உண்மைக்கு அப்புன்னகையும் ஒரு சான்றாகும்.