இண்டி 500: 32 லட்சம் செங்கல் பதித்து ஒரு ரேஸைக் காப்பாற்றிய கார்ல் ஃபிஷர் யார்?

மே மாதம் வந்தால் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரமே திருவிழாக் கோலம்தான். மாதத் தொடக்கத்தில் பல்லாயிரம் பேர் ஓடும் மினி மாரத்தான், கடைசியில் அலங்கார ஊர்வலம், அதற்கு மறுநாள் உலகப் புகழ் பெற்ற இண்டி 500 கார் ரேஸ். நடுவில் போரில் இறந்த ராணுவ வீரர்களுக்கு அஞ்சலி நிகழ்ச்சியும் உண்டு. இந்தக் கொண்டாட்டத்துக்குப் பேர் '500 ஃபெஸ்டிவல்'.

இத்தனைக்கும் பிள்ளையார் சுழி போட்டவர், கண் பார்வை சரியாக இல்லாமல் சிறுவயதிலேயே படிப்பை விட்ட ஒருவர். கோடிகளைச் சம்பாதித்து, கோடிகளை இழந்து, கடைசியில் சின்ன வீட்டில் வாழ்ந்து மறைந்தவர். அவர் கட்டிய முதல் டிராக், முதல் கார் ரேஸிலேயே ஐந்து உயிர்களைப் பறித்தது. அப்புறம் எப்படி அது ஒரு ஊரின் திருவிழாவானது?

யார் இந்த ஃபிஷர்?

1874 ஜனவரி 12-ல் இண்டியானா மாநிலத்தின் கிரீன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார் கார்ல் கிரஹாம் ஃபிஷர். குடிப்பழக்கம் இருந்த அப்பா குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். ஃபிஷருக்கோ கடுமையான பார்வைக் குறைபாடு. கரும்பலகை சரியாகத் தெரியாத பையனை மக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். 12 வயதில் பள்ளிக்கு முழுக்கு. கிடைத்த வேலையெல்லாம் செய்து, 1891-ல் சகோதரர்களோடு சேர்ந்து இண்டியானாபொலிஸில் சைக்கிள் ரிப்பேர் கடை போட்டார்.

வாடிக்கையாளரை இழுக்க அவர் கையாண்ட வழிகள் இன்றைய வைரல் வீடியோக்களுக்கே சவால் விடும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கட்டிய கம்பியில் சைக்கிள் ஓட்டினார். சைக்கிளிலிருந்து கார் விற்பனைக்கு மாறிய பிறகு, 1908-ல் ராட்சத பலூனுக்குக் கீழே ஒரு காரைத் தொங்கவிட்டு நகரத்துக்கு மேலே பறந்தார். ஊருக்கு வெளியே இறங்கி, காரை ஓட்டிக்கொண்டே கெத்தாகத் திரும்பி வந்தார். ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். உண்மையில் பறந்த காரில் இன்ஜினே கிடையாது. எடையைக் குறைக்கக் கழற்றியிருந்தார்கள். திரும்பி ஓட்டி வந்தது அதே மாதிரியான இன்னொரு கார்!

காசு எங்கிருந்து வந்தது?

அன்றைய கார்களில் உருப்படியான ஹெட்லைட் இல்லை. இருட்டினால் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான். அசிட்டிலின் வாயுவைச் சிலிண்டரில் அடைத்து விளக்கெரிக்கும் முறை ஒன்று 1904-ல் ஃபிஷரிடம் வந்தது. நண்பர் ஜேம்ஸ் ஆலிசனோடு சேர்ந்து அதில் பணம் போட்டார். அதுதான் பிரெஸ்ட்-ஓ-லைட் நிறுவனம்.

விளக்கு பிரமாதமாக எரிந்தது. சிக்கல் என்னவென்றால், அந்த வாயு எளிதில் வெடிக்கும். நகருக்குள் இருந்த தொழிற்சாலை ஒருமுறைக்கு மேல் வெடித்தது. ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை. பின்னாளில் அந்த நிறுவனம் 90 லட்சம் டாலருக்குக் கைமாறி யூனியன் கார்பைடின் அங்கமானது. ஆமாம், போபால் விஷவாயு விபத்தால் நமக்குத் தெரிந்த அதே யூனியன் கார்பைட்தான்.

முதல் ரேஸில் என்ன நடந்தது?

அப்போது இண்டியானாபொலிஸ் கார் தயாரிப்பில் முக்கியமான ஊர். ஆனால் ஐரோப்பிய கார்களின் வேகத்துக்கு அமெரிக்க கார்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. புது காரைச் சோதிக்க நல்ல ரோடே இல்லை என்பதுதான் காரணம் என்று நினைத்தார் ஃபிஷர். ஆலிசன், ஆர்தர் நியூபி, ஃபிராங்க் வீலர் ஆகியோரோடு கூட்டு சேர்ந்தார். நகருக்கு வெளியே 328 ஏக்கர் விவசாய நிலத்தை வாங்கி, 1909-ல் இரண்டரை மைல் சுற்றளவுள்ள டிராக்கைக் கட்டினார்கள்.

ஜல்லியும் தாரும் கலந்து போட்ட தரை அது. கார்களின் வேகத்தை அது தாங்கவில்லை. ஆகஸ்ட் 19-ல் முதல் கார் ரேஸ் தொடங்கியதுமே பெயர்ந்து வந்தது. கற்கள் தெறித்தன, புழுதி கண்ணை மறைத்தது. முதல் நாளே ஒரு டிரைவரும் அவருடைய மெக்கானிக்கும் இறந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு கார் பார்வையாளர்கள் பக்கம் பாய்ந்ததில் ஒரு மெக்கானிக்கும், வேடிக்கை பார்க்க வந்த இருவரும் பலியானார்கள். 300 மைல் போட்டியை 235 மைலிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

டிராக்கைச் சரி செய்யாவிட்டால் இனி அனுமதி இல்லை என்று ரேஸ்களை நடத்திய அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் கண்டித்தது. போட்ட பணம் போகட்டும் என்று கிளம்பியிருக்கலாம். ஃபிஷர் கூட்டணி இன்னும் பணத்தைக் கொட்டியது. 63 நாட்களில் 32 லட்சம் செங்கற்கள் பதிக்கப்பட்டன. 'பிரிக்யார்டு' என்ற செல்லப் பெயர் வந்தது இப்படித்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் ஐந்து சாவுகள் இருக்கின்றன.

500 மைல் ஏன்?

1910-ல் அடுத்தடுத்து நிறைய ரேஸ்கள் வைத்தார்கள். கூட்டம் குறைந்துகொண்டே போனது. தினமும் விருந்து போட்டால் யாருக்குத்தான் அலுக்காது? எனவே வருடத்துக்கு ஒரே ஒரு ரேஸ், ஆனால் பிரமாண்டமாக என்று முடிவெடுத்தார்கள். காலையில் தொடங்கி, வந்தவர்கள் சாயங்காலம் வீடு திரும்பும்படி ஒரு முழு நாள் நிகழ்ச்சி. அந்தக் கணக்குக்குப் பொருந்திய தூரம்தான் 500 மைல், அதாவது சுமார் 805 கி.மீ. போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் விடுமுறை நாளான மே 30 தேர்வானது.

1911-ல் நடந்த முதல் 500-ல் 40 கார்கள் பங்கேற்றன. முன்னால் காரை ஓட்டிச் சென்று ரேஸைத் தொடங்கி வைத்தவர் ஃபிஷரேதான். ஜெயித்தவர் ரே ஹாரூன். மற்ற கார்களில் பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருக்க, இவர் தனி ஆளாக வந்தார். எதிர்ப்பு கிளம்பியதால் காரில் கண்ணாடி ஒன்றைப் பொருத்திக்கொண்டார். இன்று நம் கார்களில் இருக்கும் ரியர் வியூ மிரரின் முன்னோடிகளில் ஒன்று அது. அந்த ரேஸிலும் வேறொரு காரின் மெக்கானிக் இறந்துபோனார்.

ரேஸுக்குப் பிறகு?

ஃபிஷரால் ஒரே இடத்தில் உட்கார முடியாது. கார் இருக்கு, ரோடு எங்கே என்ற கேள்வி அடுத்து வந்தது. நியூயார்க்கையும் சான் ஃபிரான்சிஸ்கோவையும் இணைக்கும் லிங்கன் நெடுஞ்சாலைத் திட்டத்தை முன்னெடுத்தார். சாலை போடுவது அரசின் வேலை என்று ஹென்றி ஃபோர்டு பணம் தர மறுத்தும், 1913-ல் திட்டம் உருவானது. பின்பு வடக்கையும் தெற்கையும் இணைக்கும் டிக்ஸி நெடுஞ்சாலை.

அந்தத் தெற்குக் கோடியில்தான் அவருடைய அடுத்த ஆட்டம். சதுப்பு நிலமாகக் கிடந்த தீவில் கடலடி மணலைத் தோண்டிக் கொட்டி மனை போட்டார். அதுதான் இன்றைய மயாமி பீச்சின் பெரும்பகுதி. அதற்கு இருண்ட பக்கமும் உண்டு. அந்த ஊரைக் கட்டிய கறுப்பினத் தொழிலாளர்கள் அங்கே குடியிருக்க முடியாது. ஃபிஷரின் மனைகளை யூதர்களுக்கும் விற்கவில்லை. இண்டி 500-லும் முதல் கறுப்பின டிரைவர் களமிறங்க 1991 வரை ஆனது.

எங்கே சரிந்தார்?

1926 செப்டம்பரில் மயாமியைப் புயல் புரட்டிப் போட்டது. அதே சமயத்தில் நியூயார்க் அருகே மாண்டாக்கில் இன்னொரு சொகுசு நகரம் கட்டப் பெரும் பணத்தை முடக்கியிருந்தார். 1927-ல் ரேஸ் டிராக் பழைய ரேஸ் வீரர் எடி ரிக்கன்பேக்கரிடம் போனது. 1929 பங்குச்சந்தைச் சரிவு மிச்சத்தையும் துடைத்தது. கடைசி நாட்களில் வசதி குறைந்தவர்களுக்காக கீ லார்கோ தீவில் ஒரு மீன்பிடி கிளப் கட்டிக்கொண்டிருந்தார். 1939 ஜூலை 15-ல் 65 வயதில் மயாமி பீச்சில் காலமானார். உடல் பின்னர் இண்டியானாபொலிஸுக்கே கொண்டுவரப்பட்டது.

அப்போ திருவிழா எப்போ வந்தது?

ஃபிஷர் இறந்து 18 வருடம் கழித்து, 1957-ல். ரேஸ் நடப்பது ஒரே நாள். டிக்கெட் வாங்கியவர்கள்தான் உள்ளே போக முடியும். ஊருக்கே பொதுவான கொண்டாட்டம் வேண்டும் என்று நகரப் பிரமுகர்கள் தொடங்கியதே 500 ஃபெஸ்டிவல். முதலில் ஊர்வலம், 1977 முதல் மினி மாரத்தான். இன்றும் தன்னார்வலர்கள் உழைப்பில்தான் நடக்கிறது.

இரண்டு உலகப் போர்களின்போது ரேஸ் நின்றது. டிராக்கின் முதலாளிகள் மாறினார்கள். 1930-களில் தொடங்கி செங்கல் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தார் ஏறியது. 1961-ல் கடைசிப் பகுதியும் மூடப்பட்டது. ஃபினிஷ் லைனில் மட்டும் மூன்றடி அகலத்துக்குச் செங்கல்லை அப்படியே விட்டுவைத்தார்கள்.

ரேஸில் ஜெயித்தவர் மண்டியிட்டு முத்தமிடுவது அந்த மூன்றடியைத்தான். மினி மாரத்தான் பாதையும் டிராக்கைச் சுற்றித்தான் போகிறது என்பதால், ரேஸ் காரில் ஏறவே வாய்ப்பில்லாத ஊர்க்காரர்களும் அந்தச் செங்கற்களைத் தாண்டி ஓடுகிறார்கள். ஐந்து பேர் செத்த பிறகு பதித்த செங்கல், ஊருக்கே சொந்தமான நினைவுச்சின்னமாகிவிட்டது.