ஆபிரகாம் டிரெம்ப்ளே

ஆபிரகாம் டிரெம்ப்ளே (செப்டம்பர் 3, 1710 – மே 12, 1784) ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை அறிவியலாளர் ஆவார். நன்னீரில் வாழும் ஹைட்ரா என்னும் சிற்றுயிரியை ஆராய்ந்து, விலங்குகளிலும் பாலிலா இனப்பெருக்கம் நடைபெறுவதை ஐயத்திற்கிடமின்றி நிறுவினார். ஒரு விலங்கை இரண்டாக வெட்டினால் இரண்டு முழு விலங்குகள் உருவாகக்கூடும் என்ற இவரது கண்டுபிடிப்பு, உயிரின் தோற்றம் பற்றி அக்காலத்தில் நிலவிய கருத்துகளைப் பெரிதும் அசைத்தது. செய்முறை விலங்கியலின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் மதிக்கப்படுகிறார்.

இளமையும் தொழிலும்

டிரெம்ப்ளே ஜெனீவாவின் செல்வாக்கு மிக்க குடும்பமொன்றில் பிறந்தார். அந்நகரின் உயர்கல்விக் கழகத்தில் கணிதம் பயின்றார். பின்னர் நெதர்லாந்து சென்று, செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பிக்கும் ஆசிரியராகப் பணியாற்றினார். ஹேக் நகருக்கு அருகே சார்க்விலீட் என்னும் மாளிகையில் வாழ்ந்த வில்லியம் பென்டிங்க் பிரபுவின் இரண்டு மகன்களுக்கு ஆசிரியராக இருந்தபோதுதான் இவரது புகழ்பெற்ற ஆய்வுகள் நடந்தன. குளங்களிலும் வாய்க்கால்களிலும் உள்ள உயிர்களை மாணவர்களுடன் சேர்ந்து சேகரித்துக் கண்ணாடிச் சாடிகளில் வைத்து நோக்குவது இவரது வழக்கம்.

அக்கால நம்பிக்கைகள்

விலங்குகள் அனைத்தும் ஆண், பெண் இணைவினாலேயே தோன்றும் என்பது அக்கால அறிஞர் பலரின் கருத்து. கிளையை வெட்டி நட்டால் முளைப்பது தாவரத்தின் தனிப் பண்பு எனக் கருதப்பட்டது. கருவில் முழு உயிரியும் நுண்ணிய வடிவில் முன்னரே அமைந்திருக்கிறது, அது வளர்ந்து பெரிதாவதே பிறப்பு என்னும் முன்னுருவாக்கக் கொள்கையும் செல்வாக்குடன் விளங்கியது.

1740ஆம் ஆண்டில் டிரெம்ப்ளேயின் உறவினரான சார்லஸ் பொன்னே, பிறந்தது முதல் தனித்து வைக்கப்பட்ட அசுவினிப் பூச்சி ஆணின்றியே குட்டிகளை ஈனுவதைக் கண்டார். ஒருமுறை நிகழ்ந்த இணைவு பல தலைமுறைகளுக்குப் போதுமானதாக இருக்கலாம் அல்லவா என்ற ஐயத்தை டிரெம்ப்ளே எழுப்பினார். அதனால் பொன்னே அடுத்தடுத்த தலைமுறைகளையும் தனித்தனியே வளர்த்துச் சோதிக்க நேர்ந்தது. கன்னி இனப்பெருக்கம் பற்றிய ஆய்வு இவ்வாறு மேலும் உறுதி பெற்றது.

ஹைட்ரா ஆய்வு

1740 கோடையில் நீர்த்தாவரங்களோடு வந்த சிறிய பச்சை நிற உயிரிகளை டிரெம்ப்ளே கண்டார். முதலில் அவற்றைத் தாவரங்கள் என்றே எண்ணினார். ஆனால் அவற்றின் கைகள் அசைந்தன. சாடியை அசைத்தால் உடல் சுருங்கியது. சாடியைத் திருப்பி வைத்தாலும் அவை மெல்ல நகர்ந்து ஒளி விழும் பக்கத்தை அடைந்தன. எனினும், கைகளின் எண்ணிக்கை உயிரிக்கு உயிரி வேறுபட்டதால் ஐயம் நீங்கவில்லை.

இதைத் தீர்க்க ஒரு சோதனையைத் திட்டமிட்டார். வெட்டிய துண்டுகள் பிழைத்தால் அது தாவரம், இறந்தால் விலங்கு. 1740 நவம்பர் 25 அன்று ஓர் உயிரியைக் குறுக்காக இரண்டாக வெட்டினார். இரு துண்டுகளும் பிழைத்தன. சில நாட்களில் கைகளற்ற பின்பகுதியிலும் கைகள் முளைத்து, இரண்டும் முழு உயிரிகளாயின. அவர் வகுத்த விதிப்படி அது தாவரமாதல் வேண்டும். ஆனால் பின்னர் அவ்வுயிரி சிறு புழுக்களையும் நீர்ப்பூச்சிகளையும் கைகளால் பற்றி விழுங்கிச் செரிப்பதைக் கண்டார். எனவே அது விலங்கே என்றும், தாம் கொண்டிருந்த விதியே தவறு என்றும் முடிவு செய்தார்.

தொடர்ந்து, ஹைட்ராவின் உடலில் மொட்டு அரும்பி வளர்ந்து புதிய உயிரியாகப் பிரிவதை விரிவாகப் பதிவு செய்தார். தலைப்பகுதியை நெடுக்காகப் பிளந்து பல தலைகள் கொண்ட உயிரிகளை உருவாக்கினார். இரு உயிரிகளின் துண்டுகளை ஒட்டச் செய்தார். பன்றிமயிரைக் கொண்டு ஹைட்ராவை உள்வெளியாகத் திருப்பியும் பார்த்தார். ஒருசெல் உயிரிகள் சில பிளவுற்றுப் பெருகுவதையும் விவரித்தார்.

வெளியீடும் வரவேற்பும்

டிரெம்ப்ளே தம் முடிவுகளைப் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூருக்குக் கடிதங்கள் மூலம் தெரிவித்தார். ரெயோமூர் 1741இல் அவற்றைப் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். கேட்டவர்கள் எளிதில் நம்பவில்லை. ஆகவே டிரெம்ப்ளே உயிருள்ள ஹைட்ராக்களையும் சோதனை முறைகளையும் பல நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார். இதற்கு ஒரு விலையும் இருந்தது. இவர் நூல் வெளிவருமுன்பே, 1743இல் லண்டனில் ஹென்றி பேக்கர் ஹைட்ராவைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். எனினும் அதே ஆண்டில் ராயல் கழகம் டிரெம்ப்ளேயை உறுப்பினராக ஏற்று, காப்ளி பதக்கத்தையும் வழங்கியது.

இவரது நூல் 1744இல் லைடன் நகரில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. அதிலுள்ள 13 படத்தகடுகளில் எட்டினைப் பியேர் லியோனே செதுக்கினார். உடலை வெட்டினால் உயிரும் பிரிவுபடுமா என்ற வினா மெய்யியலாளரிடையே எழுந்தது. உடலியல் அறிஞர் ஹாலர் முன்னுருவாக்கக் கொள்கையைச் சில காலம் கைவிடவும் ஹைட்ரா காரணமாயிற்று.

பிற்காலம்

பின்னர் ரிச்மண்டின் மூன்றாம் கோமகனுக்கு ஆசிரியராக ஐரோப்பாவில் பயணம் செய்தார். 1757இல் திருமணம் செய்துகொண்டு ஜெனீவாவில் வாழ்ந்தார். ஐந்து குழந்தைகளுக்குத் தந்தையான இவர், கல்வி குறித்து நூல்கள் எழுதுவதில் ஈடுபட்டார். 1784இல் அந்நகரிலேயே காலமானார்.

முக்கியத்துவம்

ஹைட்ரா என்னும் பேரினப் பெயரை 1758இல் லின்னேயஸ் வழங்கினார். வெட்ட வெட்டத் தலைகள் முளைக்கும் கிரேக்கத் தொன்மப் பாம்பின் பெயர் அது. உணவு மிகுந்த காலத்தில் ஹைட்ரா மொட்டுகள் மூலம் பெருகுகிறது. சூழல் மாறும்போது பல இனங்களில் விந்தகங்களும் அண்டகங்களும் தோன்றிப் பாலினப்பெருக்கம் நிகழ்கிறது. ஒரே உயிரியில் இரு முறைகளும் அமைவதால், இனப்பெருக்கப் பாடத்தில் ஹைட்ரா இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. இழப்பு மீட்டல், குருத்தணுக்கள் தொடர்பான ஆய்வுகளிலும் அது பயன்படுகிறது.