தன் விழித்திரையைத் தானே பார்த்த இராமன்

சர் சி. வி. இராமன் என்றதும் கடலின் நீலமும் நோபல் பரிசும்தான் நம் நினைவுக்கு வரும். தமிழ்ப்பள்ளியில் நாம் எழுதிய கட்டுரைகளில் அவருடைய வாழ்க்கை 1930-ஆம் ஆண்டோடு முடிந்துவிடும். உண்மையில் அதற்குப் பின் அவர் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றின் இறுதிப் பத்தாண்டில் அவர் மனத்தைக் கவர்ந்தது கண்ணின் விழித்திரை. அந்த ஆய்வில் அவர் தோற்றார் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அதை விட்டுவிட்டு அவருடைய வரலாற்றை எழுதுவது முறையாகாது என்பது என் எண்ணம்.

இராமன் 1888 நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1906-இல், ஒளியைப் பற்றிய அவரது முதல் ஆய்வுக் கட்டுரை இலண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்தது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல உடல்நிலை இடம் தராது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். 1907-இல் கல்கத்தாவில் அரசின் நிதித் துறையில் அதிகாரியானார். பகலில் கணக்கு வழக்கு. அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த ஆய்வுக்கூடம். இடையில் இரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலாகிப் போனபோதும் ஆய்வை விடவில்லை. 1917-இல் நல்ல சம்பளமுள்ள அந்த வேலையை உதறிவிட்டுப் பேராசிரியரானார். வேலை கிடைத்தால் போதும் என்று சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருக்கும் நமக்கு இது சற்றுத் திகைப்பாகத்தான் இருக்கும்.

1928-இல் இராமன் விளைவு கண்டறியப்பட்ட விதத்தை இங்கே கவனிக்க வேண்டும். சூரிய ஒளியை ஊதா நிற வடிகட்டி வழியே ஒரு திரவத்தில் செலுத்தினார்கள். சிதறி வரும் ஒளியின் பாதையில், அந்த ஊதாவை மறிக்கும் இன்னொரு நிற வடிகட்டியை வைத்தார்கள். நிறம் மாறாத ஒளி என்றால் எதுவும் தெரியக்கூடாது. ஆனால் தெரிந்தது. அதை முதலில் கண்டுகொண்ட கருவி மனிதக் கண்தான்! நிறமாலைக் கருவியும் ஒளிப்படத் தகடும் பிறகு உறுதி செய்தன. உடன் உழைத்தவர் கே. எஸ். கிருஷ்ணன்.

நோபல் பரிசுக்குப் பின் 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர், 1937-இல் கருத்து வேறுபாட்டால் அப்பதவியிலிருந்து விலகல், 1948-இல் சொந்தமாக ஓர் ஆய்வு நிலையம், 1954-இல் பாரத ரத்னா. இவை எல்லாரும் அறிந்தவை.

அறுபதுகளில் அவர் பூக்களின் நிறங்களை ஆராயத் தொடங்கினார். லிட்டில் இந்தியாவில் பூமாலைக் கடைகளைக் கடந்து போகும்போது நாம் வாசனையோடு நின்றுவிடுகிறோம். இராமனோ அந்த நிறம் பூவில் இருக்கிறதா, நம் கண்ணில் உண்டாகிறதா என்று கேட்டார். கேள்வி அவரை விழித்திரையிடம் கொண்டு சேர்த்தது. மீண்டும் எடுத்தது அதே கருவிகளைத்தான்: ஒரு நிற வடிகட்டியும் தம் கண்ணும். ஒளியூட்டிய வெள்ளைத் திரையை வடிகட்டி வழியே சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பார்வையை அசைக்காமல் வடிகட்டியைச் சட்டென்று விலக்குவார். அப்போது திரையில் அவருடைய விழித்திரையின் நடுப்பகுதியே பெரிதாக்கப்பட்ட படம்போல் தோன்றி மறையும்.

லெபோ பாசாரில் வாங்கிய ஊதா நிறக் கண்ணாடித்தாளை வைத்து நானும் முயன்று பார்த்தேன். வெள்ளைச் சுவரில் பார்வை பட்ட இடத்தில் வட்டமாக ஒரு கறை தெரிந்து சில விநாடிகளில் மங்கியது. (சூரியனை நோக்கிச் செய்துவிடாதீர்கள்.)

அந்த வட்டம் ஏன் தெரிகிறது? விழித்திரையில் உயிரணுக்கள் மூன்று அடுக்குகளாக உள்ளன. நாம் நினைப்பதற்கு மாறாக, ஒளியை உணரும் கோல்களும் கூம்புகளும் கடைசி அடுக்கில், பின்பக்கமாக இருக்கின்றன. ஒளி முதலில் மற்ற இரு நரம்பணு அடுக்குகளைக் கடந்துதான் அவற்றை அடைய வேண்டும். ஆனால் நட்டநடுவில் ஒரு சிறு குழி உண்டு. அங்கே மேலடுக்குகள் ஓரமாக ஒதுங்கி வழிவிடுகின்றன. குழியின் மையத்தில் நெருக்கமாக நிற்பவை கூம்புகள் மட்டுமே. அங்கே ஒரு கூம்புக்குத் தனி நரம்பு வழியே கிடைக்கிறது. ஓரங்களில் பல கோல்கள் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால்தான் 12 கோடி கோல்களும் 60 லட்சம் கூம்புகளும் அனுப்பும் செய்தியைச் சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் மூளைக்குக் கொண்டுபோக முடிகிறது. இந்த அமைப்பைச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தவர் ஸ்பெயின் நாட்டுக் காகால். இராமனின் முதல் கட்டுரை வெளிவந்த அதே 1906-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இராமன் கண்டது உண்மையான குழியைத்தான். சிக்கல் அடுத்த படியில் வந்தது. நிறத்தை உணர மூன்று வகைக் கூம்புகள் உள்ளன என்ற பழைய கொள்கையை அவர் ஏற்க மறுத்தார். மஞ்சளைப் பார்க்கும்போது சிவப்பும் பச்சையும் கலந்ததாக நாம் உணர்வதில்லையே! ஆனால் 1964-இல் அமெரிக்காவில் இரண்டு குழுவினர் தனித்தனிக் கூம்புகள் உறிஞ்சும் ஒளியை அளந்து, மூன்று வகைகள் இருப்பதைக் காட்டிவிட்டனர். அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் வால்ட் 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதற்கு அடுத்த ஆண்டு இராமன் பார்வையைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார், அந்த மறுப்போடுதான்.

எனக்குப் புரிந்தவரை இது வெறும் பிடிவாதம் அன்று. கூம்புகளின் செய்தி மூளைக்குப் போகும் முன்பே விழித்திரையின் மற்ற நரம்பணுக்கள் அதைக் கூட்டியும் கழித்தும் மாற்றிவிடுகின்றன. நாம் உணரும் மஞ்சள் அந்தக் கணக்கின் விடை. விடையை மட்டும் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும், உள்ளே போன எண்கள் தெரிய மாட்டா. 1928-இல் கண் வெளியே உள்ள ஒளியைப் பார்த்தது, கைகொடுத்தது. அதே கண் தன்னைத் தானே ஆராய முயன்றபோது உள்ளிருக்கும் பின்னலே அதை மறைத்துவிட்டது. உடற்கூறு அறிந்தவர்கள் சிலரையாவது அருகில் வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! ஆனால் இராமன் தனியாக உழைத்துப் பழகியவர்.

1970 நவம்பர் 21-ஆம் நாள் தம் 82-ஆம் வயதில் அவர் காலமானார். அவர் உருவாக்கிய ஆய்வு நிலையத்தின் தோட்டத்திலேயே உடலுக்கு எரியூட்டினார்கள். நினைவுத் தூண் எழுப்பவில்லை. அந்த இடத்தில் ஒரு மரம் நட்டார்கள்.