உலகமே காதால் கேட்டுக் கத்துக்கிட்ட பேஸ் கிட்டார்... பேர் மட்டும் தெரியல! யார் இந்த ஜேம்ஸ் ஜேமர்சன்?

1983 மார்ச் 25. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம், பசடேனா நகரம். மோடவுன் இசை நிறுவனத்தின் 25-வது ஆண்டு விழா நடந்துகொண்டிருந்தது. மைக்கேல் ஜாக்சன் மூன்வாக் ஆடி உலகத்தை வாயைப் பிளக்க வைத்தாரே, அதே மேடைதான்.

அந்தக் கூட்டத்தில், மேடையை விட்டு ரொம்ப தள்ளி ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். 1960-களில் மோடவுன் கொடுத்த ஹிட் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர் அவர். ஆனால், விழாவுக்கு அழைப்பு இல்லை. டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்திருந்தார்.

அவர் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன்.

பேஸ் கிட்டார் என்ன செய்யும்?

பாட்டு கேட்கும்போது நம்ம காது முதலில் குரலைத்தான் பிடிக்கும். அதுக்கு அடியில், டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டு கனமா ஒரு சத்தம் ஓடும். அதுதான் பேஸ். சாதாரண கிட்டாரில் 6 கம்பி. பேஸில் பொதுவாக தடிமனான 4 கம்பி. இருப்பதிலேயே கனமான கம்பி விநாடிக்கு சுமார் 41 முறைதான் அதிரும். அதனால்தான் செல்போன் ஸ்பீக்கரில் பேஸ் சரியாகக் கேட்பதில்லை. ஹெட்போன் மாட்டினால் திடீரென்று அதே பாட்டு வேற பாட்டு மாதிரி ஆகிவிடும்.

வீட்டுக்கு அஸ்திவாரம் எப்படியோ, பாட்டுக்கு பேஸ் அப்படி. இருக்கிறவரை யாரும் கவனிக்க மாட்டாங்க. எடுத்துட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.

எறும்புக்கு வாசித்த சிறுவன்

ஜேமர்சன் பிறந்தது 1936 ஜனவரி 29-ல், தெற்கு கரோலினா மாகாணத்தில் சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே உள்ள எடிஸ்டோ தீவில். சின்ன வயதில் ஒரு குச்சியை மண்ணில் நட்டு, அதில் ரப்பர் கம்பி கட்டி மீட்டுவாராம். எதுக்கு? அந்த அதிர்வில் எறும்புகள் ஆடுதான்னு பார்க்க! அவரைப் பற்றிப் பேசும் எல்லாரும் சொல்லும் கதை இது.

பாட்டி பியானோ வாசிப்பார். தேவாலயப் பாடல்களும், ரேடியோவில் ப்ளூஸும் ஜாஸும் காதில் விழுந்துகொண்டே இருந்தன. 1954-ல் அம்மாவோடு வசிக்க டெட்ராய்ட் வந்தார். அங்கே நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப் பள்ளியில்தான் ஆளுயர டபுள் பேஸை முதன்முதலாகக் கையில் எடுத்தார்.

நோட்ஸ் படிக்கத் தெரியாதவர் இல்லை அவர். ஆனால், இரவு கிளப்களில் பெரியவர்கள் வாசிப்பதைக் கேட்டு, அடுத்த சுரம் எங்கே போகும் என்று காதால் பிடித்து, கூடவே வாசித்ததுதான் அவரை வளர்த்தது.

ஒரே விரல்... அவ்வளவுதான்!

1959-ல் மோடவுனில் வாசிக்கத் தொடங்கினார். டெட்ராய்டின் வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் இருந்த ஒரு சாதாரண வீடுதான் ஸ்டூடியோ. 1960-களின் தொடக்கத்தில் எலெக்ட்ரிக் பேஸுக்கு மாறினார். கருவி மாறினாலும் டபுள் பேஸ் பழக்கம் போகவில்லை. பலரும் இரண்டு விரலால் மீட்டும் இடத்தில், அவர் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்தினார். அந்த விரலுக்கு கொக்கி என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. கம்பிகளையும் லேசில் மாற்ற மாட்டார்.

பல நேரம் கையில் தரப்படுவது கார்டுகள் மட்டும் எழுதிய தாள்தான். அதுவரை பாப் பாடல்களில் பேஸ் என்றால் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுவது. ஜேமர்சனோ பாடகரின் குரலைக் கேட்டு, அது விடும் இடைவெளியில் நுழைந்து, குரலுக்குப் பதில் சொல்வதுபோல் வாசித்தார். அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 20-க்கும் மேற்பட்ட பாடல்களில் அந்த விரல் இருக்கிறது.

சட்டையில் இல்லாத பெயர்

அன்றைக்கு யூடியூப் பாடம் கிடையாது. பேஸ் கற்க ஆசைப்பட்ட இளைஞர்கள் மோடவுன் இசைத்தட்டைப் போட்டு, ஊசியைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்துக் கேட்டார்கள். முதலில் வாயால் முணுமுணுப்பது. பிறகு அந்த சுரத்தைக் கம்பியில் தேடுவது. இப்படித்தான் ஒரு தலைமுறையே ஜேமர்சனின் மாணவர்கள் ஆனது.

ஆனால், ஆசிரியர் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது! காரணம், இசைத்தட்டின் அட்டையில் வாத்தியக்காரர்களின் பெயரை நிறுவனம் போடவில்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியே ஜேமர்சனின் வாசிப்பால் ஈர்க்கப்பட்டவர்தான். அவருக்கும் பெயர் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது.

1971-ல் வந்த மார்வின் கேயின் வாட்ஸ் கோயிங் ஆன் ஆல்பத்தில்தான் அந்த நிலை மாறியது. வாத்தியக்காரர்களின் பெயர்கள் அட்டையில் அச்சாயின. ஜேமர்சன் பெயருக்கு முன்னால் ஒரு பாராட்டு அடைமொழியும் சேர்ந்தது.

காலம் மாறியது, அவர் மாறவில்லை

1972-ல் மோடவுன் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த வருஷம் ஜேமர்சனும் பின்னாலேயே போனார். அங்கே புதிய கம்பிகள், புதிய பாணி, பளிச்சென்ற சத்தம் கேட்டார்கள். அவர் தன் பழைய வழியை விடவில்லை. வாய்ப்புகள் குறைந்தன. குடிப்பழக்கம் உடம்பை அரித்தது.

பசடேனா விழா முடிந்து 5 மாதம்கூட ஆகவில்லை. பல ஹிட் பாடல்களை வாசித்த அவருடைய பேஸ் திருடுபோனது. சில நாட்களில், 1983 ஆகஸ்ட் 2-ல், 47 வயதில் ஜேமர்சன் இறந்தார்.

பிறகு வந்த மரியாதை

1989-ல் அவர் வாழ்க்கையும் வாசிப்பும் புத்தகமாக வந்தது. காதால் மட்டுமே பிடிக்க முடிந்த வரிகள் அதில் நோட்ஸாக எழுதப்பட்டன. 2000-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது. 2002-ல் மோடவுன் வாத்தியக்காரர்கள் பற்றிய ஆவணப்படமும் வெளியானது. எதையும் பார்க்க அவர் இல்லை.

பேஸ் கற்க நினைப்பவர்கள் இன்றும் தொடங்கும் பாடல்களில் ஒன்று, டெம்ப்டேஷன்ஸ் குழுவின் மை கேர்ள். முதலில் ஒலிப்பது பேஸ்தான். ஒருசில சுரங்கள், நடுவில் கொஞ்சம் மௌனம். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். வாயால் முணுமுணுக்க வந்துவிட்டால், பாதி பாடம் முடிந்தது. சொல்லிக்கொடுத்தவர் பேரும் இப்போ உங்களுக்குத் தெரியும்.