டாக்டர் முத்துலக்ஷ்மி அம்மையார்

புற்றுநோய் என்னும் பெயரை வாய்விட்டு உச்சரிக்கவும் அஞ்சும் ஜனங்கள் நம் நாட்டில் இன்னும் அநேகர் இருக்கின்றனர். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக வீரசோழன் வரையில் பரந்து கிடக்கும் வானம் பார்த்த பூமியில் இந்த அச்சம் சற்று அதிகமென்றே சொல்லலாம். கண்மாயில் நீர் இல்லாத வருஷத்தில் ஒரு நாள் கூலியை இழப்பதே பெரும் நஷ்டம். வலி இல்லாத கட்டிக்கும் ஆறாத வாய்ப்புண்ணுக்கும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவது வீண் செலவாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. வலி வந்த பிறகு, மதுரைக்குப் போகிறார்கள். அதற்குள் வியாதி வெகுதூரம் போய்விடுகிறது. இந்தத் தாமதத்தோடு போராடுவதில் தம் வாழ்நாளின் பிற்பகுதியைச் செலவிட்ட ஒரு தமிழ்ப் பெண்மணியின் வரலாற்றை நம் நேயர்களுக்கு, முக்கியமாகக் கிராமங்களில் பொதுவேலை செய்யும் இளைஞர்களுக்கு, எடுத்துரைப்பது நம் கடமையெனக் கருதுகிறோம்.

முத்துலக்ஷ்மி அம்மையார் 1886-ஆம் வருஷம் ஜூலை மாதம் 30-ந் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் உயர்ந்த பதவி வகித்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் பிறந்தவர். அக்காலச் சமூகம் இத்தகைய குடும்பத்தை எவ்வாறு நோக்கியிருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கலாசாலையில் ஒரு பெண் சேருவதா என்று ஆட்சேபித்தவர்கள் பலர். மகாராஜா அனுமதி அளித்தார். பின்னர் அம்மையார் 1907-ல் சென்னை வைத்தியக் கலாசாலையில் சேர்ந்து, 1912-ல் சிறப்புடன் தேறினார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை, ஜாதிப் பேதத்தைப் பாராட்டாது, பதிவுத் திருமணமாக மணந்துகொண்டார். மணவாழ்க்கை பொதுவாழ்க்கைக்குத் தடையாக இராதென்ற உடன்பாட்டின்மேல் அம்மணம் நிகழ்ந்ததென்று அறிகிறோம்.

அம்மையாரின் சமூகச் சீர்திருத்தத் தொண்டு நேயர்களில் பெரும்பாலோர் அறிந்ததேயாதலால் இங்கே சுருக்கமாகக் கூறிச் செல்கிறோம். இந்திய மாதர் சங்கத்தின் ஆதரவுடன் சென்னைச் சட்டசபையில் நியமனம் பெற்று, 1927-ல் அதன் உபதலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். அது முழுச் சட்டமாக நிறைவேற 1947 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது மகாத்மா கைதானதைக் கண்டித்துத் தம் அங்கத்தினர் பதவியை ராஜினாமாச் செய்தார். பதவியைத் துறந்த கையோடு ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். இவ்வளவும் ஒருவர் வாழ்நாளுக்குப் போதுமான வேலையே.

ஆனால் அம்மையாரின் உள்ளத்தில் வேறொரு துயரம் ஆறாமலே இருந்தது. அவருடைய இளைய சகோதரி புற்றுநோயால் 1923-ல் காலமானார். வியாதியை ஆரம்பத்தில் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. வேறு ஏதோ உபத்திரவமென்று சிகிச்சை நடந்தது. உண்மை புலப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. தமக்கையோ வைத்தியம் கற்றவர். சென்னையின் சிறந்த வைத்தியர்களை அறிந்தவர். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே இந்த விதமானால், திருச்சுழிக்கு அப்பால் ஒரு குடிசையில் இருக்கும் தாயின் கதி என்ன? இந்தக் கேள்வியை அம்மையாரும் தமக்குள் கேட்டிருக்க வேண்டுமென்றே நினைக்கிறோம். ஏனெனில் அதன்பின் அவர் சும்மா இருக்கவில்லை. 1935-ல் சென்னை வைத்தியக் கலாசாலையின் நூற்றாண்டு விழா நடந்தபோது, தென்னிந்தியாவுக்குத் தனியாக ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி வேண்டுமென்று பகிரங்கமாகக் கோரினார். செவிசாய்த்தவர்கள் சிலரே.

சர்க்காரின் உதவியை நாடியபோது, எப்படியும் சாகப்போகிறவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்னும் தோரணையில் பதில் கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது. அன்றைய அதிகாரிகளை மட்டும் இதற்காக நாம் நிந்திக்க விரும்பவில்லை. நம்மில் எத்தனை பேர் இன்றும் அதே எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, விதி என்று அதற்கு வேறு பெயர் சூட்டி வருகிறோம்!

1949-ல் மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பெற்றது. அறுபதைத் தாண்டிய வயதில் அம்மையார் பணம் திரட்டப் புறப்பட்டார். 1952-ஆம் வருஷம் அக்டோபரில் ஜவாஹர்லால் நேரு அடையாற்றில் அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954-ஆம் வருஷம் ஜூன் 18-ந் தேதி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. படுக்கைகள் பன்னிரண்டே, கட்டிடமும் சிறியது. பம்பாயில் 1941-ல் ஏற்பட்ட டாடா ஞாபகார்த்த ஆஸ்பத்திரியைப் போல இவ்வியாதிக்கென்றே எழுந்த ஸ்தாபனம் இது. அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். 1955-ல் டாக்டர் சாந்தா என்னும் இளம்பெண், சர்க்கார் உத்தியோகம் கைக்கெட்டும் நிலையில் இருந்தும் அதை விடுத்து, அங்கே வந்து சேர்ந்தார்; 2021-ல் காலமாகும் வரையில் அந்த இடத்தைவிட்டு அகலவில்லை. அம்மையார் 1956-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968-ஆம் வருஷம் ஜூலை 22-ந் தேதி இவ்வுலகை நீத்தார்.

ஆஸ்பத்திரி கட்டிவிட்டால் காரியம் முடிந்துவிடுமா? முடியாது என்பது அடையாற்று வைத்தியர்களுக்கு விரைவிலேயே புலனாயிற்று. வருகிறவர்கள் முற்றிய நிலையில் வருகிறார்களென்றால், வைத்தியமே வெளியே புறப்பட்டுக் கிராமத்துக்குப் போக வேண்டியதுதான். ஆகவே கிராமங்களில் பரிசோதனை, பிரசாரம், புகையிலையை விடுவதற்கு உதவி என்று வேலை விரிந்தது. 2002-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் தேசமெங்கும் புகையிலை நிறுத்த மையங்கள் ஏற்பட்டபோது அடையாறும் அவற்றில் ஒன்றாயிற்று.

புகையிலைக்கும் இவ்வியாதிக்கும் உள்ள உறவு நம் பக்கத்தில் புதிதாக அறியப்பட்டதன்று. வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பைத் திருவிதாங்கூரில் வேலை செய்த ஓர் ஆங்கில டாக்டர் 1933-லேயே லண்டன் வைத்தியப் பத்திரிகையில் எழுதியிருந்தார். புகைப்பதற்கும் நுரையீரற் புற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை டாலும் ஹில்லும் 1950-ல் புள்ளிவிவரங்களோடு நிரூபித்தனர். பீடி இலையால் சுற்றியதாதலால் காகிதச் சிகரெட்டைப் போல் தீயதன்று என்னும் கொள்கை நம் நண்பர்களிடையே உலவுகிறது. அது முழுத்தவறு. பீடியின் இலை காற்றைத் தாராளமாக விடாது. அணைந்துபோகாமல் இருக்கப் பலமாக, அடிக்கடி இழுக்க வேண்டும். புகையின் விஷமும் அதற்கேற்ப மிகுதியாக உள்ளே செல்கிறது. தேசத்தைத் திருத்தக் கூடும் கமிட்டிக் கூட்டங்களில் பேச்சாளரின் முகமே தெரியாத அளவுக்குப் புகை சூழ்ந்திருப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். விட்டவர்களுக்கு நன்மை உண்டா என்று கேட்போருக்கு ஒரு செய்தி: புகையை நிறுத்திப் பத்து வருஷம் சென்றால், நுரையீரற் புற்றின் அபாயம், தொடர்ந்து புகைப்பவனுக்கு உள்ளதில் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை சொல்லச் சர்க்கார் ஏற்பாடு செய்திருக்கிறது.

இனிப் பெண்கள் விஷயம். கர்ப்பப்பை வாயில் உண்டாகும் புற்று திடீரென்று வருவதில்லை. ஒரு வகை வைரஸால் தொடங்கி, பல வருஷங்கள் புண்ணாகவும் மாறுதலாகவும் இருந்து, பிறகே உயிருக்கு உலை வைக்கிறது. அந்த இடைக்காலத்தில் கண்டுகொண்டால் சிறு சிகிச்சையிலேயே தடுத்துவிடலாம். இதற்கு விலையுயர்ந்த யந்திரங்கள் தேவையில்லை. காடியிலுள்ள அமிலத்தை நீரில் கலந்து தடவிப் பார்த்தால், கெட்ட இடம் ஒரு நிமிஷத்தில் வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவரே போதும். இதை மெய்ப்பித்த இடம் லண்டனுமன்று, நியூயார்க்குமன்று. நம்மைப் போன்றே மழையை எதிர்பார்த்திருக்கும் திண்டுக்கல் ஜில்லாவில், அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ சுகாதார நிலையமும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனமும் சேர்ந்து 2000-ல் தொடங்கிய முயற்சி அது. 30 முதல் 59 வயதுள்ள பெண்கள் 49,311 பேர் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். ஒரே ஒரு தடவை பார்த்ததன் பயனாக, அழைக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிடுகையில், இந்நோயின் உற்பத்தி 25 சதவிகிதமும் மரணம் 35 சதவிகிதமும் குறைந்தனவென்று 2007-ல் வெளியிட்டார்கள்.

அந்தக் கணக்கில் மற்றோர் எண்ணும் இருக்கிறது. பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். வீட்டு வாசலுக்கு ஆள் வந்து அழைத்தும் 17,968 பேர் வரவில்லை. ஏன் வரவில்லை? கூச்சம் ஒரு காரணம். ஒரு நாள் கூலி மற்றொரு காரணம். இவற்றோடு, வீட்டு ஆண்மக்களின் அலட்சியமும் பெரிய காரணமென்று கூற நாம் தயங்கவில்லை. ஆட்டுக்கு நோய் கண்டால் அன்றே வைத்தியரைத் தேடுகிற குடும்பத் தலைவர், மாதவிடாய் நின்ற பிறகும் மனைவிக்கு இரத்தம் போகிறதென்று கேட்டால், அது பெண்கள் சமாசாரம் என்று திண்ணைக்கு நகர்ந்துவிடுகிறார். இந்தத் திண்ணையில்தான் நம் ஊழியர்கள் வேலையைத் தொடங்க வேண்டும். பெண்களிடம் பேசப் பெண் ஊழியர்கள் இருக்கிறார்கள். ஆண்களிடம் பேச நாமே அல்லவா போக வேண்டும்?

சௌகரியங்கள் முன்போல் வெகுதூரத்தில் இல்லை. 2022-ல் விருதுநகரில் சர்க்கார் வைத்தியக் கலாசாலை திறக்கப்பட்டிருக்கிறது. பெண்களுக்கு மேற்படி பரிசோதனையைச் செய்ய ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே திட்டம் இருக்கிறது. வாயில் வெள்ளைத் தழும்பு, வாய் முழுதும் திறக்க முடியாமை, மூன்று வாரமாகியும் ஆறாத புண், மார்பில் கட்டி, காலமல்லாத காலத்தில் இரத்தப்போக்கு ஆகியவை கண்டால், வலி இல்லையே என்று காத்திராமல் அங்கே சென்று காட்டவேண்டும். பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விதிகள் அமுலுக்கு வந்தது 2008-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி. காந்தி ஜயந்தியன்று கிராமசபை கூடுவதும் வழக்கம். வீரசோழன் சுற்றுப்புறத்து நண்பர்கள் அடுத்த கிராமசபையில் எழுந்து, தங்கள் சுகாதார நிலையத்தில் சென்ற வருஷம் எத்தனை பெண்களுக்கு இந்தப் பரிசோதனை நடந்தது, எந்தக் கிழமையில் நடக்கிறது, குறை கண்டவர்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்வார்களென்று எதிர்பார்க்கிறோம்.